அப்பாவின் பிரஷரும் வண்டன்மேட்டு பிக்கப்பும்

11 ஜூன் 2006, ஞாயிறு

இன்றைக்கும் உப்பில்லாத சாம்பார். அம்மா இதற்குப் பத்தியம் என்று பேர் வைத்திருக்கிறாள். நான் பரிதாபம் என்று வைத்திருக்கிறேன். நோய் அப்பாவுக்கு, தண்டனை மூணு பேருக்கும். உப்பு ஜாடி இப்போது பீரோவுக்குள், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில். ஜாமெட்ரி பாக்ஸில் கொஞ்சம் கடத்தி வைத்திருக்கிறேன். மாங்காய்க்கு ஆகும்.

அப்பா உத்தமபாளையத்தில் கோர்ட் குமாஸ்தா. கேஸ் கட்டை எடுத்துக் கொடுத்து, அடுத்த வாய்தாத் தேதியைச் சொல்கிற வேலை. முன்னால் வக்கீல், ஜன்னலில் கட்சிக்காரன், வாசலில் கட்சிக்காரனின் மாமனார், எல்லாரும் ஒரே நேரத்தில் “சார்!” என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா “ஏங்க!” என்பாள். நான் கத்துவதில்லை. கத்த வைப்பதோடு சரி.

போன வாரம் கம்பத்து டாக்டர் அப்பா கையில் பட்டையைச் சுற்றி பம்பை அமுக்கினார். பாதரசத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “இப்படியே போனா அடுத்த தடவ நீங்க நடந்து வர மாட்டீக சார். தூக்கிட்டு வருவாக.” அம்மா அங்கனயே அழுதுவிட்டாள். மாத்திரை மட்டும் போதாதாம். மனசு லேசாகிற மாதிரி, கையால் செய்கிற வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அம்மா ரோஜாச்செடி என்று முடிவு பண்ணிவிட்டாள். நான் வீணை என்றேன். அப்பா மாத்திரையை முழுங்கிவிட்டு எழுந்து போனார். அப்பா பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

சிரிச்சுக்கிட்டுதான் எழுதுறேன். ஆனா அந்தத் ‘தூக்கிட்டு’ங்கிற வார்த்தைய மட்டும் ரெண்டு தடவ அடிச்சுட்டு எழுதுனேன்.

18 ஜூன்

வந்திருச்சு. ரோஜாச்செடி இல்லை.

சின்னச்சாமி மாமா (அம்மாவின் அண்ணன்) டிராக்டரில் கயிறு கட்டி, கம்பம்மெட்டு மலை வளைவெல்லாம் இறக்கி இழுத்து வந்தார். பின்னால் தெருப்பயல்கள் ஊர்வலம். கயிற்றின் இந்தப் பக்கம், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பா. முகத்தில் மாப்பிள்ளைக் களை.

அந்தக் காலத்து ஜீப் பிக்கப். முன்னால் ஜீப் மூஞ்சி, பின்னால் மூட்டை ஏற்றுகிற தொட்டி. கேரளா பக்கம் வண்டன்மேட்டில் ஏலக்காய் எஸ்டேட்டில் ஓடி ஓய்ந்து, ஷெட்டில் கோழி அடைகிற இடமாக இருந்திருக்கிறது. விற்றவர், “எஞ்சின் நல்லதாணு சாரே, கொறச்சு பணி மாத்ரம்” என்றாராம். அந்தக் ‘கொஞ்ச வேலை’ என்னவென்று சுற்றிப் பார்த்தேன். ஒரு கதவு இல்லை. இருக்கிற கதவு திறக்காது. கால் வைக்கிற இடத்தில் ஓட்டை, உட்கார்ந்தபடியே ரோட்டில் நடக்கலாம். டேஷ்போர்டில் ஒரு முட்டை. ஆனால் தொட்டிக்குள் தலையை விட்டால் கும்மென்று ஏலக்காய் வாசம், பாயசச் சட்டிக்குள் விழுந்த மாதிரி.

அம்மா இடுப்பில் கை வைத்தாள். “டாக்டர் செடி வளக்கச் சொன்னாரா, துரு வளக்கச் சொன்னாரா?”

“கையால வேல செய்யச் சொன்னாருல்ல.”

“திராச்சத் தோட்டத்துல களை இடுப்பளவு நிக்கிது. அதுவும் கை வேலதான்.”

“அது உன் மனசுக்குப் புடிச்ச வேல. எனக்கு இது.”

பேர் பிக்கப். அதுதான் இல்லை அதற்கு. முட்டையை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானே டிராக்டர் சீட்டில் வைத்தேன். சின்னச்சாமி மாமா உட்கார்ந்தார்.

25 ஜூன்

அப்பா லுங்கியோடு காலையிலிருந்து துரு தேய்க்கிறார். டாக்டர் உப்பைத் தொடாதே என்றார். இவர் நாள் பூராவும் உப்புத்தாளும் கையுமாக இருக்கிறார். இதை அம்மாவிடம் சொன்னேன். கரண்டி பறந்தது.

9 ஜூலை

முதன்முதலாகச் சாவி போட்டுப் பார்க்கும் நாள். யாருக்கும் தெரியாமல் தொட்டிக்குள் படுத்துக்கொண்டேன். அப்பா சாவியைத் திருப்பினதும் நான் வாயாலேயே, “டுர்ர்ர்... டுட்டுட்டு... டுர்ர்ர்ர்.”

“அன்னத்தாயி! ஓடுது! அன்னத்தாயி, ஓடி வா!”

அம்மா மாவுக்கையோடு ஓடி வந்தாள். சாவியை நிறுத்தினார். எனக்கு வேகம் தாங்கவில்லை, வண்டி இன்னும் ஓடியது. கியர் வேற மாத்தினேன்.

நேற்றைய அப்பா என்றால் தோலை உரித்திருப்பார். இன்றைக்கு பானெட் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணி வர, சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிக்கிற பல் இவ்வளவு இருக்கிறதே எனக்குத் தெரியாது.

17 ஜூலை

டாக்டரிடம் போய் வந்தார்கள். பாதரசம் இறங்கியிருக்கிறது. அம்மா வண்டியை முதல் தடவையாக முறைக்காமல் பார்த்தாள்.

30 ஜூலை

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்திலிருந்து பால்பாண்டி அண்ணன் வருகிறார். மெக்கானிக். கையில் ஸ்பானர் இருக்கும்வரை வாயில் பேச்சு இருக்கும். “என் கை பட்ட எஞ்சின் ஓடாம இருந்ததா சரித்திரம் இல்ல சார்.”

“பூகோளம் உண்டா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒங்க புள்ளைக்கு ஒரு சைலன்சர் மாட்டிருவமா சார்?” என்றார்.

கார்புரேட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றித் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றையும் பெட்ரோலில் கழுவி, துணியில் துடைத்து அடுக்குகிறார் அப்பா. அப்போது அவர் மூச்சு விடுகிற சத்தமே வேறு. கூப்பிட்டால் காது கேட்கவில்லை. ஒரு ஆள் உத்தமபாளையத்தையே மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நல்லாத்தான் இருக்கிறது.

20 ஆகஸ்ட்

ஆரம்பிச்சிருச்சு.

முதலில் அடுத்த வீட்டு ஜக்கம்மா அத்தை வந்தாள். கழற்றிய சக்கரத்தை இன்னும் மாட்டவில்லை, வண்டி செங்கல் மேல் நிற்கிறது. சுற்றி வந்து தொட்டியை முழம் போட்டு அளந்தாள். “எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு பீரோ, கட்டிலு, மெத்த எல்லாம் நம்ம வண்டியிலயே போயிரும் அண்ணே. கார்த்திகைன்னு நெனப்புல வச்சுக்கங்க.”

நம்ம வண்டி!

அடுத்து சின்னச்சாமி மாமா, தேங்காய் ஏற்ற. வார்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறவர், மைக் கட்ட. பஜனை மடத்துக்காரர்கள் பழனிக்கு. அம்மாவுக்கோ, கம்பம் மார்க்கெட்டுக்குத் திராட்சை. நம்மூரில் வண்டி வைத்திருப்பவன் இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. சின்னச்சாமி மாமாவின் கதை எல்லாருக்கும் தெரியும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்து டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கை கழுவி வந்து டவுன் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போவார்.

ஒவ்வொருவர் கேட்கும்போதும் அப்பா “அதுக்கென்ன, அதுக்கென்ன” என்றார். எல்லாரும் போனதும் உப்புத்தாளை எடுத்தார். தேய்க்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

27 ஆகஸ்ட்

நிஜமாவே ஓடிருச்சு!! நான் இல்லை, வண்டி! பால்பாண்டி அண்ணன் சக்கரத்தை மாட்டி, முன்னால் கம்பியை விட்டு ஒரு சுற்று சுற்றினார், எஞ்சின் இருமி, தும்மி, ‘டப்’பென்று வெடித்து, பிடித்துக்கொண்டது. தெருவே கூடியது. ஜக்கம்மா அத்தை குலவை போட்டாள். அப்பா மட்டும் சுற்றி நிற்கிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளிக் கூண்டில் நிற்கிற ஆள் பார்க்கிற மாதிரி.

28 ஆகஸ்ட்

சின்னச்சாமி மாமா தேங்காயோடு வந்து நின்றார். வண்டி ஓடவில்லை. அப்பா, “பழைய சாமான் மச்சான், அப்படித்தான்.”

29 ஆகஸ்ட்

கண்டுபிடிச்சிட்டேன்!

காலையில் அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரம், வெள்ளைச் சட்டையோடு பானெட்டைத் திறந்து, ஏதோ மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து கட்டைவிரல் தண்டி ஒரு சாமானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பேனாவுக்குப் பக்கத்தில்.

“அப்பா, அது என்ன?”

மாங்காய் திருடும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

“ரோட்டர்” என்றார். “இது இல்லாட்டி நெருப்பு பிளக்குக்குப் போகாது. வண்டி கெளம்பாது.”

“நேத்தும் நீங்கதானா?”

“சத்தம் போடாத ஆத்தா.” சுற்றுமுற்றும் பார்த்தார். “ஓடாத வரைக்கும்தான் இது என் வண்டி. ஓடுச்சுன்னா ஊர் வண்டி. காலையில ஒருத்தன், சாயங்காலம் ஒருத்தன், எவன் மொதல்லன்னு சண்ட, அதுக்கு நான் பஞ்சாயத்து. பகல் பூரா அங்க வாய்தா சொல்லிட்டு, இங்கயும் வந்து வாய்தா சொல்லணுமா? அம்மாட்ட சொல்லிராத.”

சொல்லவில்லை. அப்பா இப்போது ரோட்டரோடு கோர்ட்டுக்குப் போகிறார். வண்டியே ஆஜராகிற மாதிரி.

10 செப்டம்பர்

பால்பாண்டி அண்ணன் நிலைமை பாவம். அண்ணன் வருகிற நேரத்துக்கு மட்டும் அப்பா ரோட்டரை மாட்டி வைக்கிறார், அண்ணன் ஓட வைக்கிறார், திங்கட்கிழமை படுத்துக்கொள்கிறது. டீக்கடையில் கேலி பண்ணுகிறார்களாம். இன்றைக்குக் கம்பத்திலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கொண்டு வந்து வண்டிக்குக் கட்டினார். “எவனோ செய்வினை வச்சிருக்கான் சார்.”

அப்பா இருமினார். அண்ணன் போனதும் செய்வினை சட்டைப் பைக்குத் திரும்பியது.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஆயுத பூஜைக்குள்ள ஓடணும். ஓடலன்னா பழைய இரும்புக்காரன் வந்து எடைக்கு எடுத்துட்டுப் போகட்டும். வாரவன் போறவனெல்லாம் வண்டி எப்ப, வண்டி எப்பன்னு என்னையக் கேக்குறான். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு பி.பி. வந்துரும்.”

13 செப்டம்பர்

பாதரசம் திரும்ப ஏறிவிட்டது. மாத்திரையைக் கூட்டிவிட்டார் டாக்டர். “ஏதாச்சும் புது டென்ஷனா?” என்று கேட்டாராம். அப்பா இல்லை என்றாராம்.

ஓட வச்சா ஊரு தூக்கிட்டுப் போகும். ஓட வைக்காட்டி இரும்புக்காரன் தூக்கிட்டுப் போவான். ரெண்டும் நடக்கலன்னா டாக்டர் சொன்ன மாதிரி அப்பாவையே— சீ. எழுத மாட்டேன். யோசி விஜி, யோசி. ஊரையே ஏமாத்துற மண்டைதான? வண்டி ஓடணும். ஆனா ஒரு பய கேக்கக் கூடாது. எந்த வண்டிய ஒரு பய கேக்க மாட்டான்?

14 செப்டம்பர்

ஃபிசிக்ஸ் வகுப்பில் விடை கிடைத்தது. ஃபிசிக்ஸுக்கு இல்லை.

16 செப்டம்பர்

ஜக்கம்மா அத்தை வீட்டுக்கு மோர் வாங்கப் போனேன். பொய்யைப் பொய் மாதிரிச் சொல்லக்கூடாது, பெருமை மாதிரிச் சொல்லணும். அதுதான் என் தொழில் ரகசியம்.

“எங்க வண்டி ராசியான வண்டி அத்த. எஸ்டேட்டுல அம்புட்டு மரியாதையாம். துரையிலருந்து கூலி வரைக்கும் யாரு செத்தாலும் கடைசி யாத்திர இதுலதானாம்.”

அத்தை மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். “யாரு... செத்தாலுமா?”

“ஆமா அத்த. தொட்டியில ஏலக்கா வாசம் வருதுல்ல? எதுக்குன்னு நெனச்சீக? வாடை தெரியாம இருக்கத்தான் மூட மூடையாக் கொட்டுவாகளாம்.”

சொம்பு அரைவாசிதான் நிறைந்திருந்தது. அப்படியே கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

17 செப்டம்பர்

சாயங்காலத்துக்குள் வதந்தி ஊரைச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது, போனபோது இருந்ததை விட நல்லா கொழுத்து. ஸ்கூல் தோழி ஒருத்தி ரகசியம் சொன்னாள்: “உங்க வண்டியில ஒரு வெள்ளக்காரிய ஏத்துனாகளாம்டி. அவ முடி இன்னும் தொட்டி இடுக்குல இருக்காம்.” கேட்டு எனக்கே புல்லரித்தது.

ஜக்கம்மா அத்தை வாசலுக்கு வெளியே நின்றபடியே, “கல்யாணத்துக்கு டிராக்டரே போதும் அண்ணே, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்” என்றாள். எலெக்‌ஷன்காரர் ஆட்டோ பேசிவிட்டார். பிணவண்டியில் போய் ஓட்டுக் கேட்டால் டெபாசிட் மிஞ்சாதாம். பழனிக்காரர்கள் பாதயாத்திரை என்று முடிவு செய்துவிட்டார்கள். சின்னச்சாமி மாமா தேங்காயை நினைத்துக் கொஞ்சம் தயங்கினார். “சாமிக்கு ஒடைக்கிற காயி பாருங்க மச்சான்” என்று நழுவிவிட்டார்.

அப்பா பையிலிருந்து ரோட்டரை எடுத்தார். என்னைப் பார்த்தார். போய் மாட்டினார்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

வண்டிக்கு இளம்பச்சைப் பெயிண்ட், ரெண்டு கதவு, சந்தனம், குங்குமம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அப்பாவும் அம்மாவும் முன்னால், நான் தொட்டியில். சுருளிப்பட்டி ரோட்டில் ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், மேலே மேகமலை. அப்பா ஒரு கையால் ஓட்டினார். நான் பார்த்த அப்பாக்களிலேயே இவர்தான் உசத்தி.

அம்மாதான் உர்ரென்று இருந்தாள். திராட்சை வியாபாரி சங்கிலி, “அந்த வண்டியில வார பழத்த நான் தொட மாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டானாம். “இந்தக் கதைய எந்த நாறவாய் கெளப்பிவிட்டுச்சுன்னு மட்டும் தெரியட்டும்.”

வாய் நிறையப் பொரி வைத்திருந்தேன். பேசவே முடியவில்லை.

9 அக்டோபர்

காலையில் கீழத்தெரு சுருளிவேல் தாத்தா போய்விட்டார். நல்ல வயசு. பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் மகன் தலையில் துண்டோடு வந்து அப்பா முன்னால் நின்றார்.

“அண்ணே. அப்பாவக் காட்டுக்குக் கொண்டு போகணும். ஒங்களது பழகின வண்டியாச்சே.”

ஐயோ.

இதை நான் யோசிக்கவே இல்லையே! கல்யாணத்துக்காவது வண்டி ரிப்பேர் என்று சாக்குச் சொல்லலாம். சாவு வீட்டுக்கு யார் இல்லை என்று சொல்வார்கள்? அப்பா கோர்ட்டுக்கு லீவு சொன்னார், நான் பள்ளிக்கூடத்துக்கு. சாவியை எடுத்தார். முகம் எப்படி இருந்தது என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் வந்தார். வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, சாப்பிட்டு, பாயில் படுத்தார். பகலில் தூங்காத மனுஷன் அசையாமல் கிடந்தார். பயந்து போய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அப்புறம் குறட்டை.

15 அக்டோபர்

நாராயணத்தேவன்பட்டியிலிருந்து சாவுக்கு வண்டி கேட்டு வந்துவிட்டார்கள். புகழ் பக்கத்து ஊருக்கும் போயிருக்கிறது. போய் வந்த வண்டியின் தொட்டி இடுக்கில் செவ்வந்திப்பூ. நான்தான் குச்சியால் நோண்டி எடுத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன்.

29 அக்டோபர்

ஆனைமலையன்பட்டியில் ஒரு சாவு. ஐப்பசி அடைமழை, சகதி. அதிலும் அப்பா போய்விட்டு வந்து, தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன்.

“அப்பா, அந்தக் கதைய நான்தான் கட்டிவிட்டேன். ஒங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதான்ப்பா. இப்படி ஆகும்னு— ஊர் முழுக்க நானே போயி அது பொய்யின்னு சொல்லிர்றேன். என்னையத் திட்டட்டும். நீங்க இப்படி அலைய வேண்டாம். பிரஷரு ஏறிரும்ப்பா.”

அழுதுட்டேன் போல. போல என்ன, அழுதேன்.

அப்பா விளக்கமாற்றைக் கீழே வைத்தார். “இது ஏலக்கா மூட ஏத்துன வண்டின்னு எனக்குத் தெரியாதா? வாங்குனவன் நானு. கத வந்த அன்னைக்கே எந்தக் கம்பெனித் தயாரிப்புன்னும் தெரியும்.”

“பின்ன ஏன்ப்பா போறீக?”

வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் சாய்த்தார். “எப்படிச் சொல்றது... பின்னால இருக்க ஆளு சாருன்னு கூப்பிட மாட்டாரு. வெரசாப் போங்கன்னு சொல்ல மாட்டாரு. எதுர வார பஸ்ஸு தானா ஒதுங்கி நிக்கிது. முன்னால சங்கு, அது பின்னாலயே ஃபர்ஸ்ட் கியர்ல பைய உருட்டிட்டுப் போறேன். வண்டி முணுமுணுன்னு ஓடுற சத்தம் மட்டும் கேக்குது. ஒருத்தரக் கடைசியா நல்லபடியாக் கொண்டுபோயி எறக்கிட்டு வாரோம்னு ஒரு இது. வந்து படுத்தா அப்படித் தூக்கம் வருது ஆத்தா.”

பிறகு விளக்கமாற்றை என் கையில் கொடுத்தார். “ஊர்ல போயி ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்த மூலையத் தேயி.”

13 நவம்பர்

பாதரசம் டாக்டரே ஆச்சரியப்படுகிற இடத்தில் நின்றதாம். ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். “என்ன சார், யோகாவா?”

“கொஞ்சம் டிரைவிங்” என்றாராம் அப்பா.

அம்மா சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

19 நவம்பர்

அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. என் வாய் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

சங்கிலி திராட்சையை வெட்டாமல் நாலைந்து நாளாக இழுத்தடித்தான், விலை இறங்கட்டும் என்று. பழம் கொடியிலேயே வெடிக்கிற பக்குவம். அம்மா இன்றைக்கு அப்பாவிடம், “வண்டியக் கொண்டாந்து நம்ம தோட்டத்து வாசல்ல நிறுத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றாள். நிறுத்தினார். அம்மா வண்டிமேல் சாய்ந்து நின்று ஒரு கொத்துப் பழத்தைப் பறித்துத் தின்றாள். ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டே போனான்.

அரைமணி நேரத்தில் சங்கிலி டெம்போவோடு பறந்து வந்தான். “யக்கா! அதுல மட்டும் ஏத்திராதீகக்கா! இந்த ஊர்ப் பழமே பொணவண்டிப் பழம்னு மார்க்கெட்ல பேராச்சுன்னா எம் பொழப்பு போச்சு!”

“நான் என்னடா செய்ய? நீ வெட்ட வரல, பழம் வெடிக்கிது.”

“இப்பவே வெட்டுறேன்க்கா. நீங்க சொன்ன வெல. மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

அம்மா இன்றைக்கு வண்டிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

26 நவம்பர்

ஜக்கம்மா அத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பீரோ டிராக்டரில் போனது. சின்னச்சாமி மாமா டவுன் பஸ்ஸில் போனார்.

10 டிசம்பர்

இன்றைக்கு வேலை எதுவும் இல்லை. அதாவது ஊரில் எல்லாரும் சௌக்கியம். அப்பா ஹெட்லைட் வளையத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு கிழவி இறங்கி, கைத்தடியோடு நேராக நம் வாசலுக்கு வந்தாள்.

“பொணவண்டிக்கார வீடு இதானப்பா?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அப்பா மட்டும், “ஆமாத்தா, வாங்க. யாரு தவறிட்டாக?” என்று சாவியைத் தேடினார்.

“இன்னும் யாரும் தவறல. தவறப்போறது நாந்தான். ஊரு கோம்பை, பேரு அக்கம்மா. சொல்லி வச்சுட்டுப் போலாம்னு வந்தேன். எம் மகன் சோம்பேறிப் பய. எருக்குப்ப அள்ளுற டிராக்டர்லயே என்னையப் போட்டுருவான். எனக்கு இதான் வேணும்.” வண்டியைச் சுற்றி வந்தாள். தொட்டியைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். “வாசமாத்தான் இருக்கு. மெத்த கித்த போடுவியா?”

“வைக்கோல் பரப்புவோம் ஆத்தா.”

“முள்ளு இல்லாமப் பரப்பு.” பிறகு அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். “ஏம்ப்பா, அன்னைக்கு ஏறுனா எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல? நல்லா ஓட்டுறியா, குலுக்குறியா, என்னன்னு கண்டேன்? இப்பவே ஒரு சுத்து கூட்டிட்டுப் போ.”

நான் அப்பாவைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிற வெளியாள் ஒருத்தர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. ரோட்டரைக் கழற்றி ஒளித்த மனுஷன் என்ன சொல்வாரோ என்று இருந்தது.

அப்பா முன்கதவைத் திறந்தார். சீட்டைத் துண்டால் தட்டினார். “ஏறுங்க ஆத்தா. கைய இங்கனப் புடிச்சுக்கங்க.”

நான் தாவித் தொட்டியில் ஏறினேன். சுருளிப்பட்டி ரோட்டில் வழக்கம் போல ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு போனார் அப்பா. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்தார்கள். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். எதிரே வந்த பஸ் ஓரம் கட்டியது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே நான். திகைத்துப் போய், யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டார்கள். முன்சீட்டிலிருந்து கிழவி ரெண்டு கையையும் தூக்கி, எல்லாருக்கும் பதில் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தாள். மந்திரி மாதிரி.

கொஞ்ச தூரம்தான் பொறுத்தாள்.

“எப்பா, என்ன இப்படி நகத்துற? வெரசாப் போப்பா. நான் இன்னும் சாகல.”

அப்பா சிரிக்கிற சத்தம் தொட்டி வரைக்கும் கேட்டது. கியரை மாற்றினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.